தண்ணீர்த் தரகன்

தரகன் வருவதற்கு முன்னால் அந்த நாலு வீட்டு ஃப்ளாட்டில் தண்ணீர்ச் சண்டை இல்லாமல் பொழுது விடிந்ததில்லை. லாரி வந்து சம்ப்பில் கொட்டிவிட்டுப் போனதுமே ஆரம்பித்துவிடும். மோட்டாரைப் போட்டது யார், பாதியில் நிறுத்தியது யார், மேல்தொட்டி நிறைவதற்குள் குழாயைத் திறந்து அண்டா அண்டாவாகப் பிடித்துக்கொண்டது யார் என்று மாடிப்படியில் நின்று கத்துவார்கள். முதல் மாடி மரகதவல்லி அந்த விஷயத்தில் கொஞ்சம் பேர் வாங்கியவள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தால் கீழ் வீட்டுக்காரர்கள் தங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் அவள் வீசிய வாளி மூடி சங்கச் செயலாளர் ரங்கபாஷ்யத்தின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. வேண்டுமென்று வீசவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள். கண்ணாடி உடைந்ததோடு அவருடைய பொறுமையும் போய்விட்டது. எங்கெங்கோ விசாரித்து, நாலு வீட்டுச் சமையலறைச் சுவரிலும் மாட்ட வீட்டுக்கொரு பெட்டி வாங்கிவந்தார். பெட்டிக்கு வாய் இருந்தது, காது இருந்தது, முன்பக்கம் ஒரு திருகு இருந்தது. திருகின் ஒரு கோடியில் ‘கறார்’ என்றும் மறு கோடியில் ‘தாராளம்’ என்றும் எழுதியிருந்தது.

“இது என்ன சார், மீட்டரா?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“மீட்டர் இல்லைம்மா. ஆள். தண்ணித் தரகன். உங்காத்து ஆள்னு வெச்சுக்குங்கோ. உங்களுக்காக மத்த மூணு ஆத்துத் தரகன்கிட்டேயும் இதுவே பேரம் பேசும். உங்களுக்கு இன்னிக்கு விருந்தாளி வந்திருக்கா, தண்ணி கூட வேணும்னா கேட்டு வாங்கும். அவாளுக்கு முட்டுப்பட்டா உங்க பங்குலேர்ந்து விட்டுக்கொடுக்கும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்கறதுக்குத்தான் இந்தத் திருகு. இனிமே மோட்டாரும் வால்வும் அதுகள் கையில. நீங்க யாரும் வாயைத் திறக்க வேண்டாம். எனக்கும் கண்ணாடிச் செலவு மிச்சம்.”

“பொய் சொல்லி அதிகமா வாங்கிட்டா?”

“அதுக்குப் பொய்யே வராது. எதுக்குத் தண்ணின்னு ஒண்ணுகிட்ட ஒண்ணு உள்ளதை உள்ளபடி சொல்லியாகணும். ஆனா எதுக்குங்கறதை மனுஷாள்கிட்ட மூச்சு விடாது. யார் பங்கு யாருக்குப் போறதுங்கறதை மட்டும்தான் சொல்லும். உங்காத்துச் சங்கதி அதுகளுக்குள்ளேயே கிடக்கும்.”

மரகதவல்லி பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். காரணம், அவள் வீட்டுப் பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கிரைண்டர்கள். பொதுத் தண்ணீரில் யாரும் தொழில் செய்யக்கூடாது என்பது சங்கத்து விதி. கணவர் போன பிறகு மகன் கையை எதிர்பார்க்கக்கூடாது என்று அவள் ஆரம்பித்தது அந்த மாவு வியாபாரம். அரிசி களைய, உளுந்து ஊற, கிரைண்டர் கழுவ என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர். தெருக்கோடிக் கடைகளில் அவள் மாவுக்கு நல்ல பெயர் இருந்தது. யார் அரைப்பது என்று மட்டும் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். தரகன் மனிதரிடம் மூச்சு விடாது என்று தெரிந்த பிறகுதான் அவள் ஆணியடிக்கச் சம்மதித்தாள்.

சொல்லக்கூடாது, தரகன் கெட்டிக்காரன்தான். சண்டை அடியோடு நின்றது. ஆனால் சண்டை போன வழியிலேயே பேச்சும் போய்விட்டது. முன்பெல்லாம் கத்துகிற கத்தலில், “எம் பேத்திக்கு அம்மை போட்டிருக்கு, ரெண்டு குடம் கூடப் பிடிச்சா உனக்கென்னடி கேடு?” என்று ஒருத்தி சொல்வாள். திட்டியவளே சாயங்காலம் வேப்பிலை ஒடித்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். இப்போது பேத்திக்கு அம்மை என்பது தரகன்களுக்குத்தான் தெரியும். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சிரித்தும் சிரிக்காமலும் ஒதுங்கிப் போனார்கள். இதை நிம்மதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், மரகதவல்லியும்தான்.

சண்முகவடிவு குடும்பம் எதிர் வீட்டுக்குக் குடிவந்தது இந்த நிம்மதிக் காலத்தில். திருநெல்வேலிப் பக்கம். கணவர் இசக்கிமுத்து ஏதோ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார், மகள் செண்பகத்துக்கு வரன் பார்க்கிறார்கள். இவ்வளவுதான் தெரியும். குடிவந்த அன்றைக்குப் பால் காய்ச்சி ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்ததோடு சரி. அதன் பிறகு அந்தக் கதவு முழுசாகத் திறந்து மரகதவல்லி பார்த்ததில்லை. அட்டைப் பெட்டிகள் வரும், கதவு ஒரு சாண் திறக்கும், பெட்டி உள்ளே போகும், கதவு சாத்திக்கொள்ளும். ராங்கிக்காரி என்று அவள் முடிவு கட்டினாள்.

அந்தக் கோடையில் லாரி வருவது குறைந்தது. சம்ப்பின் அடியில் கிடந்த வண்டலே கண்ணுக்குத் தெரிந்தது. மதியத்துக்குள் மரகதவல்லி வீட்டுக் குழாய் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோகும். உளுந்து ஊறி வெடிக்கிற பருவத்தில் இருக்கும், அலசத் தண்ணீர் இருக்காது. ஒரு நாள் அப்படியே புளித்து நாறி, அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு கடைக்காரன் வேறு ஆளிடம் மாவு வாங்க ஆரம்பித்துவிட்டான். இன்னொருவனும் போய்விட்டால் தான் மகன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். மருமகள் முகம் கண்முன் வந்தது.

அன்று சமையலறை ஜன்னல் வழியாகத் தற்செயலாக எட்டிப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில், எதிர் வீட்டுக் கழிவுக்குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சோப்பு நுரை இல்லை, அழுக்கு இல்லை. குடிக்கலாம் போன்ற சுத்தமான தண்ணீர். நின்று பார்த்தாள். ஒரு ஈடு இட்லி வெந்து இறங்கியது, இன்னொரு ஈடும் இறங்கியது, தண்ணீர் நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏதோ திருட்டுத்தனமாகத் தொழில் நடத்துகிறாள், அதனால்தான் அட்டைப் பெட்டி, அதனால்தான் சாத்திய கதவு என்று தோன்றியது. தான் செய்கிற காரியம்தானே அடுத்தவரிடத்திலும் முதலில் கண்ணில் படும்! சங்கத்தில் போய்ப் புகார் சொல்லலாம். சொன்னால் நாலு வீட்டையும் சோதனை போடுவார்கள், முதலில் மாட்டுவது பின்னறைக் கிரைண்டர்கள். ஆகவே அவள் சுவரிலிருந்த தரகனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏம்ப்பா, என் பங்குத் தண்ணி எங்க போகுது?”

“எதிர் வீட்டுக்குக் கொடுக்கிறேன் அம்மா,” என்றது தரகன்.

“நேத்து?”

“நேத்தும் கொடுத்தேன். லாரி குறைஞ்சதுல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துட்டு வரேன். திருகை நீங்க நடுவில வெச்சிருக்கீங்க. அதுக்கு மேல போகல.”

“எனக்குத் தேவை இல்லையா? என் உளுந்து நாறிப்போனது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதையும் அவங்க தரகன்கிட்ட சொன்னேன். அவங்க தேவை பெருசா இருந்தது.”

“அப்படி என்ன பெரிய தேவை? நல்ல தண்ணி சாக்கடையில போய்க் கொட்டுது. என் கண்ணால பார்த்தேன். நீ யார் வீட்டு ஆளு?”

“உங்க வீட்டு ஆள்தான் அம்மா.”

“அப்ப சொல்லு. எதுக்கு?”

“அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவங்களுக்கு இருக்கு. எதிர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேளுங்க.”

“நான் போய் அவ வாசல்ல நிக்கணுமா? தண்ணியை எடுத்தவ அவ. அவ வரட்டும்.” மரகதவல்லியின் கை திருகுக்குப் போனது.

“அம்மா, திருப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்க,” என்றது தரகன் மறுபடியும்.

அவள் திருகைக் கறார்ப் பக்கம், அதற்குமேல் போகாத வரைக்கும் திருப்பினாள். “இனிமே அந்த வீட்டுக்கு ஒரு சொட்டு போகக்கூடாது.”

“சரி அம்மா,” என்றது தரகன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மரகதவல்லி கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சண்முகவடிவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இசக்கிமுத்துவைத் தாங்கிப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். தோளில் பை. தண்ணீர் நின்றதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். மனுஷன் கால் ஏன் அப்படி வீங்கியிருக்கிறது என்றும் ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

ஆஹா, என்ன வரத்து! அண்டா நிறைந்தது, டிரம் நிறைந்தது, குளியலறைத் தொட்டி நிறைந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு கிரைண்டரைத் தாராளமாக அலம்பினாள். அன்றைய மாவு பூப்போலப் பொங்கியது. போன கடைக்காரனைக் கூப்பிட்டு, “நாளையிலிருந்து பழையபடி தரேன்,” என்றாள். சந்துக் குழாய் காய்ந்து கிடந்ததை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதில் ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ரங்கபாஷ்யம். இரண்டொரு நாள் கழித்து மாடிப்படியில் அவளைப் பார்த்ததும் நின்றார்.

“எதிராத்து மனுஷரைப் போய்ப் பார்த்தேளா?”

“ஏன், அவருக்கென்ன?”

“தெரியாதா உங்களுக்கு? ரெண்டு சிறுநீரகமும் போயிடுத்தாம். ஆத்துலயே மெஷின் வெச்சு ரத்தத்தை அலசிண்டிருந்திருக்கா. அதுக்குத் தண்ணி குடம் குடமா வேணுமாம். வடிகட்டறச்சே பாதிக்கு மேல நல்ல தண்ணியாவே வெளியில போயிடுமாம். அன்னிக்கு நான் கீழே நின்னுண்டிருந்தேன். ஆம்புலன்ஸ்காரன் கேள்வி மேல கேள்வியாக் கேக்கறச்சே சொல்லித்தானே ஆகணும்? அப்பத்தான் எனக்கே தெரியும்.”

மரகதவல்லி எதிர் வீட்டுப் பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். “ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“பொண்ணுக்கு வரன் பார்த்துண்டிருக்காளே! அப்பாவுக்கு இந்த வியாதின்னா பொண்ணுக்கும் வந்துடும்னு பிள்ளையாத்துக்காரா ஓடிடுவா. ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா நாலு பேர் கண்ல படும்னு கதவைச் சாத்திண்டு ஆத்துலயே பண்ணியிருக்கா. தண்ணி குறைஞ்சதுலேர்ந்தே அரைகுறையாத்தான் அலசியிருக்கா. இன்னும் ஒரு வேளை தள்ளிப் போயிருந்தா நுரையீரல்ல நீர் கோத்துண்டு ஆளே போயிருப்பார்னு டாக்டர் சொன்னாராம். பிழைச்சுட்டார். ஆனா ஆம்புலன்ஸ் வந்து நின்ன சேதி எப்படியோ பிள்ளையாத்துக்குப் போயிடுத்து. அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாளாம்.”

அவர் இறங்கிப் போய்விட்டார். மரகதவல்லி அங்கேயே படியில் உட்கார்ந்தாள். ஒரு மனுஷனின் உயிரை அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டு உளுந்து அலசியிருக்கிறோம் என்று நினைத்தாள். கதவைத் தட்டிக் கேள் என்று தரகன் இரண்டு தடவை சொன்னது. நாலு எட்டு எடுத்து வைத்தால் எதிர்க் கதவு. அந்தத் தூரம் போக அவளுடைய வீம்பு விடவில்லை. அன்றைக்கு அரைத்த மாவைக் கடைக்கு அனுப்ப மனசு வராமல் பாத்திரத்தோடு மூடிவைத்தாள். அது பொங்கி வழிந்து தரையில் இறங்கியதைத் துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் எதிர் வீட்டுப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. சண்முகவடிவு மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தாள். மரகதவல்லி தயங்கித் தயங்கிப் போய்க் கதவருகில் நின்றாள். வெளியே துரத்தினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போனாள்.

சண்முகவடிவு அவளைக் கண்டதும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வாங்கக்கா. நானே உங்க வீட்டுக்கு வரணும்னு நெனச்சேன். வாங்க.”

கூடத்துக்கு அப்பால் கட்டிலோரமாக அந்த எந்திரம் நின்றது. குழாய்களும் வடிகட்டிகளுமாக ஒரு பீரோ உயரம். அதன்மேல் பழைய பட்டுப்புடவை ஒன்று பாதி சரிந்து கிடந்தது.

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இது மேல பட்டைப் போத்தி, மேல முருகன் படத்த வச்சுட்டோம்க்கா. மாப்பிள்ளையோட அம்மா படத்துக்கு முன்னால விழுந்து கும்பிட்டுட்டுப் போனாவ. இவுக பக்கத்து அறையில மூச்சு வாங்கிட்டுக் கெடக்காவ.” சண்முகவடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “என்ன பொழப்பு பாத்தியளா?”

“அவர் எப்படி இருக்கார்?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“நாளைக்கு வீட்டுக்கு அனுப்புதாவ. எல்லாம் உங்களாலதான்க்கா. எம் மக கல்யாணம் போனாப் போவுது. தாலி நின்னுச்சே.”

“என்னாலயா?”

“எனக்கு எல்லாம் தெரியும். எந்த வீட்டுத் தண்ணி வருதுன்னு எங்க தரகன் சொல்லிரும்லா. கோடை பூரா உங்க பங்கத்தான் எங்களுக்குத் தந்திய. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தியளே! படியில எத்தன தடவை பாத்திருப்போம், ஒரு வார்த்தை கேட்டியளா? கேட்டிருந்தா நான் அங்கனயே கூனிக் குறுகிப் போயிருப்பேன். அது தெரிஞ்சுதான கேக்காம இருந்திய?”

மரகதவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சண்முகவடிவு விடவில்லை.

“அன்னைக்கு உங்களுக்கும் முடியாமப் போச்சு. அதுக்கு என்ன செய்ய முடியும்? ஆனா சொல்லி விட்டிய பாருங்க, அதுதான் பெருசு. ‘எதிர் வீட்டுல இருந்து இனிமே தண்ணி வராது, மிஷினை நம்பி இருக்காதீங்க, இந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அந்த வீட்டுத் தரகன் சொல்லுது’ன்னு எங்க தரகன் கத்துது. நான் பதறிப்போயிட்டேன். அது சொல்லலன்னா மறுநாள் லாரி வரும், பாத்துக்கிடலாம்னு வீட்டுலயேதான் வச்சிருப்பேன்.”

மரகதவல்லி கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். “இல்லம்மா. நீ நினைக்கிற மாதிரி இல்ல. நான் சொல்லி அனுப்பல. எனக்கு எதுவுமே தெரியாது. பைப்புல நல்ல தண்ணி வீணாப் போகுதேன்னு ஆத்திரம். தண்ணியை நிறுத்தச் சொன்னதே நான்தான்.”

சண்முகவடிவு பிடியை இன்னும் இறுக்கினாள்.

“நிறுத்துனாலும் சொல்லிட்டுல்லாக்கா நிறுத்துனிய. எங்க ஊருல வாய்க்காலை அடைக்கவன் ஒரு வார்த்தை சொல்லுவானா? பயிரு கருகுன பொறவுதான் தெரியும். நீங்க பெரிய மனுசி. செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லவே கூச்சப்படுதிய.”

அடித்திருந்தால் மரகதவல்லி வாங்கிக்கொண்டிருப்பாள். கும்பிடுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. “அவர் வரட்டும். தண்ணிக்கு நான் பார்த்துக்கறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தாள்.

நேரே சமையலறைக்குப் போய்த் திருகைத் தாராளத்தின் பக்கம் முழுசாகத் திருப்பினாள்.

“அவங்களுக்கு வேணுங்கறது போக மிச்சம் இருந்தா எனக்குப் போதும்.”

“சரி அம்மா. மாவுக்குப் பத்தாது.”

“பத்தலைன்னா போகுது.” போகத் திரும்பியவள் நின்றாள். “அன்னிக்கு அவங்களுக்குச் சேதி சொல்லச் சொல்லி நான் உன்கிட்ட சொன்னேனா?”

“இல்ல அம்மா.”

“பின்ன ஏன் சொன்னே?”

“தண்ணி கொடுக்காதேன்னு சொன்னீங்க. கொடுக்கல. தண்ணி வராதுங்கறதை அவங்க தரகன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நீங்க சொல்லல. அதனால சொன்னேன்.”

“சொல்லட்டுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் இங்கதானே நின்னேன்?”

இதற்கும் தரகன் உள்ளதை உள்ளபடி சொன்னது.

“கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் என்னால அவங்களுக்குச் சொல்ல முடியாது. அதனாலதான் கேட்கல அம்மா.”

சேச்சே, நான் அப்படியா சொல்லியிருப்பேன் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது மரகதவல்லிக்கு. கேட்டால் அது பொய் சொல்லாது. அதனால் அவளும் கேட்கவில்லை.